முகப்புக்குப் புதுப்பூச்சு வேண்டாம்

மதிப்புக்குரிய ஐயா,

பழைய கைக்கடிகாரங்களைச் சேர்ப்பவர்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடம் இருந்த காலத்தில் அங்கே எழுதுவினைஞராக வேலை பார்த்த என் அப்பா, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒமேகா கைக்கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய வகை. திருத்துபவர் பின்மூடியைத் திறந்தபோது செப்பு நிற இயந்திரமும் அதில் 266 என்ற எண்ணும் 17 கல் என்ற எழுத்தும் தெரிந்தன. முகப்பு பழுத்துப் புள்ளி விழுந்திருக்கிறது. இருளில் ஒளிர்வதற்காக முட்களில் இட்ட பூச்சு உதிரும் நிலையில் உள்ளது. முகப்பைப் புதிதாக எழுதிக் கூட்டையும் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரலாம் என்கிறார் அவர். செய்யலாமா?

இன்னொன்று. இது நாளுக்கு 20 விநாடி பின்தங்குகிறது. சந்தையில் வாங்கிய பற்றறி மணிக்கூடு ஒரு மாதம் ஓடியும் அவ்வளவு பிசகுவதில்லை. அப்படியிருக்க, இவற்றை இலட்சக்கணக்கில் கொடுத்துச் சேர்ப்பது வெறும் பகட்டுத்தானே என்று கனடாவில் இருக்கும் மச்சான் கேட்கிறார்.

க., உப்புவெளி

அன்பின் க. அவர்களுக்கு,

முகப்பில் எவரையும் கைவைக்க விடாதீர்கள்; கூட்டையும் தேய்க்க விடாதீர்கள். காரணத்துக்கு வருமுன் மச்சானின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதைத் தெளிவாக்கிக்கொண்டால் உங்கள் கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும்.

நேரம் காட்டுவதில் மச்சான் சொல்வது முழுக்கச் சரி. 1969 டிசம்பரில் சீக்கோ நிறுவனம் பற்றறியால் அதிரும் பளிங்கைக் கொண்டு நேரத்தை அளக்கும் தன் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டதோடு அந்தப் போட்டி முடிந்துவிட்டது. இன்று சாதாரண விலைக்குக் கிடைக்கும் பற்றறி மணிக்கூட்டின் உள்ளேயும் விநாடிக்கு 32,768 தடவை அதிரும் பளிங்கு ஒன்று இருக்கிறது. அதனோடு உங்கள் அப்பாவின் ஒமேகா போட்டியிட முடியாது. ஆனால் அந்த 20 விநாடியைச் சற்றுக் கிட்ட நின்று பாருங்கள். 266 வகை இயந்திரத்தில் இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் ஆடுசக்கரம் மணிக்கு 18,000 அடி, அதாவது விநாடிக்கு ஐந்து அடி அடிக்க வேண்டும், நாளொன்றுக்கு 432,000. உங்களுடையது 20 விநாடி பின்தங்குகிறது என்றால் அவற்றில் 100 அடிகளை மட்டுமே தவறவிடுகிறது. அந்தச் சக்கரத்தோடு இணைந்த, தலைமயிரிலும் மெல்லிய ஓர் உருக்குச் சுருள்வில், கையின் ஆட்டத்தையும் நம் ஊர் வெயிலையும் புவியீர்ப்பையும் தாங்கிக்கொண்டு, 4,320 இல் ஒரு பங்கு பிழையோடு எழுபது ஆண்டுகளாக விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. வெப்பத்தால் அச்சுருளின் விறைப்பு மாறாதிருக்க வழி செய்த நிக்கல் உருக்குக் கலவைகளை ஆராய்ந்ததற்காகவே சார்ள்ஸ் எட்வார்ட் கியோமுக்கு 1920இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மணிக்கூட்டுக்குள் இருக்கும் ஒரு வில்லுக்குப் பின்னால் அவ்வளவு படிப்பு இருக்கிறது.

இதே 20 விநாடி, கப்பலில் மன்னிக்கப்படாத பிழையாக இருந்தது. நெடுங்கோட்டை நேரத்தால் கணித்த காலத்தில், நான்கு விநாடிப் பிழை என்பது நம் கடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு கடல் மைல். 20 விநாடி என்றால் ஐந்து கடல் மைல். இரவில் கரை தேடி வரும் மாலுமிக்கு அது பாறையில் ஏறுவதற்குப் போதுமான தூரம். ஆங்கில மணிக்கூட்டுக் கலைஞர் ஜோன் ஹரிசனின் நான்காவது காலமானி (கடற்பயணத்துக்கான துல்லிய மணிக்கூடு) 1761இல் ஜமேக்காவுக்குப் புறப்பட்டது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். நம் துறைமுகத்துள் நுழைந்த பாய்க்கப்பல்களிலும் நீராவிக் கப்பல்களிலும் பின்னாளில் பெட்டிக்குள் கிடையாக வைத்துக் காத்த காலமானிகள் அந்த வழியில் வந்தவை. கையில் கட்டும் மணிக்கூட்டிடம் எவரும் அந்தத் துல்லியத்தைக் கேட்டதில்லை.

உங்களிடம் இருப்பது 1939இல் ஒமேகா தொடங்கிய 30 மில்லிமீற்றர் இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது. போர்க்காலத்தில் பிரித்தானியப் படைகளுக்குப் போன ஒமேகாக்களிலும் இக்குடும்பத்தின் இயந்திரம் இருந்தது; ஆகவே உங்கள் அப்பா அத்தளத்தில் யாராவது ஒருவரின் கையில் பார்த்து ஆசைப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. உயர்ந்த விலை மணிக்கூடுகளில் சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கியை வைத்துத் தேடுகின்ற கைவேலை இதில் இராது. அங்கே உருக்குத் துண்டொன்றைத் தகரத் தட்டின் மேல் மணிக்கணக்கில் தேய்த்து, ஒரு கோணத்தில் கறுப்பாகவும் மறு கோணத்தில் ஒளியாகவும் தெரியச் செய்வார்கள். விளிம்புகளைச் சரித்து, இரு சரிவுகள் உட்பக்கமாகக் கூடும் மூலையைக் கூராக முடிப்பார்கள். சுழலும் கருவி அந்த மூலையை வட்டமாக்கிவிடும் என்பதால் அது அரத்தாலும் மரக்குச்சியாலும்தான் முடியும். இலட்சங்களில் ஒரு பகுதி இத்தகைய உழைப்புக்கும், பெரும்பகுதி பெயருக்கும் போகிறது என்பது என் கணிப்பு. பெட்டியைத் திறக்காமலே விலை ஏறக் காத்திருப்பவர்களை மச்சான் பகட்டுக்காரர் என்றால் நான் மறுக்கமாட்டேன். உங்களுடையதன் அழகு வேறு. 30 மில்லிமீற்றருக்குள் எவ்வளவு பெரிய ஆடுசக்கரத்தையும் வில்லையும் வைக்கலாம் என்று யோசித்து, எந்த ஊர்த் திருத்துநரும் திறந்து பூட்டக்கூடியதாக அமைத்த வடிவம் அது. (அந்த 17 கல்லையும் கழற்றி விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை உலையில் செய்த செயற்கை மாணிக்கம். அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைத்தவை. இரத்தினபுரிக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்கள்.)

இனி முகப்பு. ஒமேகாவின் பெயரையும் விநாடிக் கோடுகளையும் செதுக்கிய தகட்டிலிருந்து மெத்தை போன்ற அச்சால் எடுத்துப் பதித்திருப்பார்கள். உருப்பெருக்கியால் பார்த்தால் எழுத்தின் ஓரம் கத்திவெட்டாகத் தெரியும். மறுபடி எழுதும் கடையில் பழைய பூச்சை முழுதாகச் சுரண்டிவிட்டுத்தான் புதியதை ஏற்றுவார்கள். கோடுகள் தடிக்கும், ஆறு மணிக்குக் கீழே உள்ள சின்னஞ்சிறு ‘சுவிஸ் மேட்’ பெரும்பாலும் இடம் மாறும் அல்லது காணாமற்போகும். கூட்டின் கதையும் இதுவே: பட்டி மாட்டும் காதுகளின் கூரிய விளிம்பு ஒருமுறை தேய்ந்தால் அந்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. அது பிளாஸ்ரிக், கீறலைத் தேய்த்தும் போக்கலாம், மாற்றியும் விடலாம்.

அழகை விடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. 1950களின் ஒளிரும் பூச்சில் பெரும்பாலும் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கும். பூச்சு ஒளிர்வதை நிறுத்தியிருக்கலாம், ஆனால் ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதன் தூள் மூச்சோடு உள்ளே போகக்கூடாது. ஆறு மணிக்குக் கீழே ‘சுவிஸ் மேட்’ என்பதன் இரு பக்கமும் ‘ரி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியத்துக்குப் பதிலாகப் பின்னர் வந்த, கதிர்வீச்சு வலுக் குறைந்த திரிற்றியம். இல்லையென்றால் ரேடியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு உதிரும் நிலையில் இருப்பதாக எழுதியிருப்பதால், வீட்டில் பின்மூடியையோ கண்ணாடியையோ கழற்ற வேண்டாம். திருத்துபவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செலவழிக்க வேண்டிய இடம் உள்ளே இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் புதிதாக எண்ணெய் இடச் சொல்லுங்கள். பழைய எண்ணெய் காய்ந்து பசையானால் அச்சுகள் தேயும். நம் கரையில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது, ஏனெனில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது சாவி கொடுக்கும் திருகின் தண்டையே. மாரி காலத்தில் கண்ணாடிக்குள் மூட்டம் கண்டால் அன்றைக்கே திருத்துபவரிடம் கொண்டுபோக வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் தூளும் சேர்ந்து உள்ளே போகும். நிலாவெளிக்குக் குளிக்கப் போகும்போது வீட்டில் விட்டுவிடுங்கள். ஒரு நாள் திடீரென்று பல நிமிடம் முந்தி ஓடினால் பயப்பட வேண்டாம்: கைத்தொலைபேசி உறையின் காந்தம் சுருளைப் பிடித்து அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், காந்தம் நீக்கும் கருவியில் காட்டினால் சில விநாடிகளில் சரியாகும்.

20 விநாடிக்கும் வழி இருக்கிறது. இரவில் முகப்பு மேலே இருக்கும்படி ஒரு வாரமும், திருகு மேலே இருக்கும்படி ஒரு வாரமும் வைத்துக் குறித்துப் பாருங்கள். நிலைக்கு நிலை வேகம் மாறும். பகலில் பின்தங்குவதை இரவில் ஈடுசெய்யும் நிலை ஒன்று பெரும்பாலும் அகப்படும். காலையில் ஒரே நேரத்தில், இறுகும் வரை சாவி கொடுங்கள்.

கடையில் ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டிலேயே ‘முகப்பு, முட்கள், கூடு தொடக்கூடாது, மாற்றிய உறுப்புகளைத் திருப்பித் தரவேண்டும்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.