இட்ட சூடு ஆறாத முட்டை: கேள்வி பதில்

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் முட்டையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் நோயைப் பற்றியவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்; அதற்குக் கால்நடை மருத்துவர்தான் சரியான ஆள். மற்றவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதினான்கு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். இப்போது கூண்டில் ஒன்பது பெட்டை, ஒரு சேவல்.

கேள்வி: அக்கா, காலையில் இட்ட முட்டையை உடனே அவித்தேன். உரித்தால் ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவும் பெயர்ந்து வருகிறது. கடை முட்டை இப்படி ஆவதில்லையே, என் முட்டையில் ஏதாவது குறையா?

குறை ஒன்றுமில்லை, முட்டை புதிது, அவ்வளவுதான். அப்போதுதான் இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். உடைத்துப் பார்த்தால் வெள்ளை லேசாகப் பால் கலந்த மாதிரி மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். அந்த வாயு இருக்கும் வரை வெள்ளைக்கருவின் காரத்தன்மை குறைவு. வேகும்போது அது ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாள் போகப் போக ஓட்டின் நுண்துளைகள் வழியாக வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், பிடி தளரும். கடை முட்டைக்கு வரும் வழியிலேயே வயதாகிவிடுகிறது, அதனால் சுலபமாக உரிகிறது.

ஆகவே அவிக்க நினைக்கும் முட்டையை ஒரு வாரம் பத்து நாள் ஒதுக்கி வையுங்கள். இன்றைக்கே வேண்டுமென்றால் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்காமல், தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் இறக்குங்கள், அல்லது ஆவியில் வேக வையுங்கள். வெந்ததும் குளிர்ந்த நீருக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் உரிந்துவிடும். தண்ணீரில் சோடா மாவு போடு, வினிகர் ஊற்று என்பார்கள். நான் போட்டும் பார்த்தேன், ஊற்றியும் பார்த்தேன். கொதிநீர் செய்த வேலையை அவை செய்யவில்லை.

புது முட்டையை உடைத்து ஊற்றிச் சமையுங்கள். சட்டியில் வெள்ளை ஓடாமல் கெட்டியாக ஒரே இடத்தில் நிற்கும், மஞ்சள்கரு குமிழாக எழுந்து நிற்கும். அந்த அழகு பழைய முட்டைக்கு வராது.

கேள்வி: முட்டையைக் கழுவி வைக்க வேண்டுமா, கழுவாமல் வைக்க வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கோழி முட்டையிடும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? விழுந்த உடனே முட்டை ஈரமாகப் பளபளக்கும். கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த ஈரம் கண்ணெதிரே காய்ந்து மங்கும். காய்ந்தது வெறும் தண்ணீர் இல்லை, முட்டையைச் சுற்றிக் கோழி பூசிவிடும் மெல்லிய உறை. நுண்துளைகளை அடைத்து, உள்ளே கிருமி போகாமலும் உள்ளிருக்கும் ஈரம் சீக்கிரம் வற்றாமலும் காப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும்.

என் வழக்கம் இது: சுத்தமான முட்டையைக் கழுவுவதே இல்லை. கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுவேன். எச்சம் பட்டிருந்தால் கழுவி, துடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் அதைத் தீர்ப்பேன். கழுவும் தண்ணீர் முட்டையைவிடச் சற்றுச் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கும், அந்த இழுப்பில் வெளி அழுக்கும் துளை வழியே உள்ளே போகும். தண்ணீரில் ஊறப்போட்டு வைப்பது அதைவிட மோசம்.

ஆனால் தினமும் அழுக்கு முட்டை வருகிறதென்றால் கழுவுவதைப் பற்றி யோசிக்காதீர்கள், முட்டையிடும் பெட்டியைப் பாருங்கள். கோழிகள் ராத்திரி அதிலேயே படுத்து எச்சமிடுகின்றன என்று அர்த்தம். உறங்கும் கம்பை முட்டைப் பெட்டியைவிட உயரமாக வையுங்கள், அவை மேலே போய்விடும். வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் அடித்துக்கொள்ளும், அது வேறு கதை.

கேள்வி: சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா?

இடும். சேவல் இல்லாவிட்டால் குஞ்சு வராது, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் சேவல் உண்டு. அப்படியானால் முட்டைக்குள் குஞ்சு வளர ஆரம்பித்திருக்குமே? நினைத்தாலே சாப்பிட முடியவில்லை.

கரு சேர்ந்திருப்பது வேறு, குஞ்சு வளர்வது வேறு. மஞ்சள்கருவின் மேல் எல்லா முட்டையிலும் ஒரு வெளிறிய புள்ளி உண்டு. சேவல் சேர்ந்த முட்டையில் அந்தப் புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியும். அதற்கு மேல் எதுவும் நடக்க அடைச்சூடு வேண்டும், அதுவும் விடாமல். அன்றாடம் எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். ருசியிலும் வித்தியாசமில்லை. வெயில் காலத்தில் மட்டும் இரண்டு வேளை முட்டை எடுங்கள். அடைக்கோழி இரண்டு மூன்று நாள் உட்கார்ந்த முட்டையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: மஞ்சள்கருவில் ரத்தப் புள்ளி இருந்தது. வெள்ளையில் நூல் மாதிரி ஒன்றும் சுருண்டு கிடந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன், சரிதானே?

போட்டிருக்க வேண்டாம். மஞ்சள்கரு சினைப்பையிலிருந்து கழலும்போது சின்ன ரத்தக்குழாய் ஒன்று கீறிக்கொண்டால் அந்தப் புள்ளி வரும். அதற்கும் சேவலுக்கும் சம்பந்தமில்லை. கத்தி நுனியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். வெள்ளை நூல், மஞ்சள்கருவை நடுவில் கட்டி நிறுத்தும் கயிறு. புது முட்டையில்தான் அது தடிப்பாகத் தெரியும், அதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: என் கோழி ஒன்று திங்கட்கிழமை எட்டு மணிக்கு முட்டையிட்டது. மறுநாள் ஒன்பதரைக்கு, அதற்கடுத்த நாள் மதியம், அப்புறம் ஒரு நாள் இடவே இல்லை. உடம்பு சரியில்லையா?

நேரம் குறித்து வைத்திருக்கிறீர்களே, உங்களைப் போன்றவர்கள்தான் நல்ல கோழிக்காரர்கள். கோழிக்கு ஒன்றுமில்லை. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடு கட்டுவதற்கே போய்விடும். நாளுக்கு 24 மணிதானே? அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்திக்கொண்டே போகும். மாலை நெருங்கிவிட்டால் அடுத்த மஞ்சள்கரு அன்று கழலாது. ஒரு நாள் விட்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். தினமும் ஒரு முட்டை என்று கணக்குப் போட்டுக் கோழி வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும்.

கேள்வி: இரண்டு மாதமாக ஒரு முட்டைகூட இல்லை. தீவனம் மட்டும் தீர்கிறது.

இறகு உதிர்கிறதா என்று பாருங்கள். புது இறகு முளைக்கப் புரதம் நிறைய வேண்டும், அந்தச் சமயம் கோழி முட்டையை நிறுத்திவிடும். பகல் குறுகும் காலத்திலும் குறையும். நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். விளக்கு போட்டு நீட்டலாம்தான். நான் போடுவதில்லை, அதுவும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். தண்ணீர்ப் பாத்திரத்தையும் பாருங்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான், வெயிலில் ஒரு நாள் பாத்திரம் காலியாகக் கிடந்தாலே முட்டை நின்றுவிடும். இதெல்லாம் இல்லையென்றால் புதருக்குள் தேடுங்கள்.

கேள்வி: அக்கா, புதருக்குள் தேடினேன்! விறகு அடுக்குக்குப் பின்னால் பதினேழு முட்டை. எது நல்லது, எது கூமுட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு ஒருமுறை இருபத்திரண்டு கிடைத்தது. கிண்ணம் நிறையத் தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். புதிது அடியில் கிடையாகப் படுக்கும். நாள்பட்டது அகன்ற முனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் அந்த முனையில்தான் காற்றறை இருக்கிறது. உள்ளே ஈரம் வற்ற வற்ற அது பெரிதாகும். மிதந்தால் மிகப் பழையது.

ஆனால் இந்தச் சோதனை வயதைத்தான் சொல்லும், கெட்டதா இல்லையா என்பதைச் சொல்லாது. வெயிலில் கிடந்த முட்டை மூழ்கினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே சட்டிக்கு விடுங்கள். நான் அந்த இருபத்திரண்டில் பத்தொன்பதை நேராகச் சட்டியில் உடைத்தேன், இருபதாவது கூமுட்டை. சமையலறை ஜன்னல் அன்று முழுக்கத் திறந்தே கிடந்தது. எத்தனை நாள் கிடந்தது என்றே தெரியாத குவியல் என்றால், மனசைத் தேற்றிக்கொண்டு மண்ணில் புதைத்துவிடுவதுதான் என் யோசனை.

கேள்வி: ஓடே இல்லாமல் தோல்முட்டையாக இடுகிறது. கிளிஞ்சல் கொடுத்தும் நிற்கவில்லை.

தோல்முட்டையைத் தொட்டுப் பார்த்தால் தண்ணீர் ஊற்றிக் கட்டிய பலூன் மாதிரி தளதளக்கும். முதன்முதலாக முட்டையிடும் விடைக்கோழி ஒன்றிரண்டு இப்படி இடுவது சகஜம், தானாகச் சரியாகும். வளர்ந்த கோழி என்றால் மூன்று விஷயம் பார்ப்பேன்.

கிளிஞ்சலை எப்போது, எப்படிக் கொடுக்கிறீர்கள்? ஓட்டின் பெரும்பகுதி ராத்திரியில், கோழி தூங்கும்போது உருவாகிறது. ஒரு ஓட்டுக்கு இரண்டு கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். மாவாக இடித்தது சாயங்காலத்துக்குள் குடலைக் கடந்துவிடும். பொறுக்கித் தின்னும் அளவு துண்டுகளாகச் சாயங்காலம் வைத்தால் ராத்திரி முழுக்க மெல்லக் கரைந்து உதவும். போதாததை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், அது நெடுநாள் தாங்காது. தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீவனத்தோடு கலக்க வேண்டாம். வேண்டிய கோழி தானாகத் தின்னும். குஞ்சுகளுக்கு இவ்வளவு சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடுத்தது வெயில். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓட்டுக்கு அதுவும் மூலப்பொருள். எத்தனை கிளிஞ்சல் வைத்தாலும் ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து. மூன்றாவது, பயம். ராத்திரி நாயோ பூனையோ கூண்டைச் சுற்றினால் முட்டை அவசரப்பட்டு வெளியே வந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தொடர்ந்தால், அல்லது கோழி சோர்ந்து நின்றால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முட்டையைத் தானே கொத்தித் தின்னும் கோழியை என்ன செய்வது?

பெரும்பாலும் தோல்முட்டையில்தான் இது ஆரம்பிக்கும். தற்செயலாக உடையும், ருசி தெரியும், அவ்வளவுதான். அடிக்கடி முட்டையை எடுங்கள், பெட்டிக்குத் திரை போட்டு இருட்டாக்குங்கள், மரத்தாலான போலி முட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள். கொத்திக் கொத்தி அலகு வலித்தால் சில கோழிகள் விட்டுவிடும். என் கறுப்புப் பெட்டை விடவில்லை. கடைசியில் பெட்டித் தளத்தைச் சரிவாக்கி, இட்ட முட்டை உருண்டு திரைக்கு அந்தப் பக்கம் போகும்படி செய்தேன். இரண்டு வாரம் அது எழுந்து திரும்பித் திரும்பிப் பார்த்ததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கேள்வி: மஞ்சள்கரு அடர்ந்த நிறமாக இருந்தால் சத்து அதிகம் என்கிறார்களே?

நிறம் தீவனத்திலிருந்து வருவது. கீரை, புல், மஞ்சள் சோளம், செண்டுமல்லி இதழ் தின்றால் அடர்ந்து வரும். வெள்ளைத் தானியம் தின்றால் வெளிறும். பச்சை மேய்ந்த கோழி என்பதற்கு அது ஓரளவு அடையாளம், ஆனால் தீவனத்தில் நிறமி கலந்தும் அதே நிறத்தை வரவழைக்கலாம். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது கோழியின் இனத்தைப் பொறுத்தது.

கேள்வி: குழந்தைக்கு அரைவேக்காட்டில் கொடுக்கலாமா? நம் வீட்டுக் கோழிதானே.

நம் வீட்டுக் கோழியாக இருந்தாலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கோழி பார்க்க நன்றாகவே இருக்கும். கிருமி ஓட்டின் மேல் மட்டுமல்ல, முட்டைக்குள்ளும் இருக்கக்கூடும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு மஞ்சள்கரு கெட்டியாகும் வரை வேக வையுங்கள். முட்டை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

கேள்வி: கோழிக்குப் பூச்சி மருந்து கொடுத்தேன். முட்டை சாப்பிடலாமா?

மருந்து உறையில் எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று போட்டிருக்கும். போடவில்லையென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இதில் குத்துமதிப்பு வேண்டாம்.

கேள்வி: முட்டை குவிகிறது, எப்படிச் சேமிப்பது?

கூரிய முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஓட்டின் மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை வெளியே எடுத்து மறுபடி வைக்காதீர்கள், ஓடு வியர்த்துவிடும். உறையவைப்பதானால் ஓட்டோடு வேண்டாம், வெடிக்கும். உடைத்து லேசாகக் கலக்கி, ஒரு சிட்டிகை உப்போ சர்க்கரையோ சேர்த்து வையுங்கள். சேர்க்காவிட்டால் மஞ்சள்கரு பசையாக இறுகிவிடும். எது உப்பு, எது சர்க்கரை என்று டப்பாவில் எழுதிவிடுங்கள். அனுபவம்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், வீட்டு முட்டை ருசி நிஜமாகவே அதிகமா?

ஒருமுறை வீட்டில் எல்லோர் கண்ணையும் கட்டி, கடை முட்டையையும் எங்கள் முட்டையையும் ஆம்லெட்டாகக் கொடுத்தேன். யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும்தான். கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டால் எங்கள் முட்டைதான் ருசி. உடைத்து ஊற்றிப் பொரித்தபோது மட்டும், வாயில் வெள்ளைக்கருவின் கெட்டித்தனத்தை வைத்து என் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. இரட்டை மஞ்சள்கரு முட்டை என்று தெரிகிறது, பெரிதாக இருக்கிறது. அடை வைத்தால் இரண்டு குஞ்சு வருமா?

வருவது மிக மிக அபூர்வம். இரண்டு மஞ்சள்கரு ஒரே சமயத்தில் கழன்று ஒரே ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டது அது. இரண்டு குஞ்சு வளர உள்ளே இடமும் காற்றும் போதாது. கோழி பொரிக்காது, நீங்கள் பொரித்துவிடுங்கள்.