விவாகரத்து வழக்கு நடக்கும்போது போட்ட ஸ்டேட்டஸை அழித்துவிடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கணவர் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டு மனு போட்டிருக்கிறார். நான் ஜீவனாம்சம் கேட்டிருக்கிறேன். கோபத்தில் அவரையும் மாமியாரையும் பற்றி ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? அவருடைய மெயில் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். திறந்து பார்க்கலாமா?

அழிக்காதீர்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்தாலும், இரண்டு வீட்டுக்கும் வேண்டிய உறவினர் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கலாம். அது எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்போது, நீங்கள் வழக்கு வந்தபின் அழித்தது தெரிந்தால், குறுக்கு விசாரணையில் எழுதியதைவிட அழித்ததுதான் பெரிதாகும். அந்தப் பதிவுகளை உங்களுக்கு மட்டும் தெரியும்படி செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் போனோடு வழக்கறிஞரிடம் போய், என்ன எழுதினீர்கள், எந்த நிலையில் எழுதினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இனி அவர்களைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பெயர் போடாமல் எழுதினாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று ஊருக்கே தெரியும். வாழ்க்கைத் துணையைப் பற்றி ஆதாரமில்லாமல் அவதூறு பரப்புவது மனரீதியான கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லியிருக்கிறது. விவாகரத்துக்குக் கொடுமை ஒரு காரணம் என்பதால், உங்கள் பதிவே அவர் மனுவுக்கு வலு சேர்த்துவிடும். நீதிமன்றத்தில் நடப்பதையும் எழுதாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அதை வெளியிடத் தடை போடுகிறது.

ஜீவனாம்சத்தில் பலர் யோசிக்காமல் விடுவது படங்களைத்தான். 2020இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தரவேண்டும். வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தம்பி செலவில் போன ஊட்டிப் படத்தைப் போட்டால், செலவு யாருடையது என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். இது அவருக்கும் பொருந்தும். வருமானத்தை மறைத்துவிட்டுப் புது காருடன் அவர் பொதுவில் படம் போட்டால், தேதியும் இணைப்பு முகவரியும் தெரியும்படி சேமித்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி தரவேண்டிய சான்றிதழை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

அவருடைய மெயிலைத் திறக்கவே திறக்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகலாம். மனைவி என்பதால் விலக்கு கிடையாது. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிந்ததைக் கூட ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது உண்மைதான். ஆனால் அது தம்பதிக்குள் நடந்த உரையாடலைப் பற்றியது. பாஸ்வேர்டு போட்டு இன்னொருவர் கணக்கைத் திறக்க அது அனுமதி ஆகாது.

உங்கள் கணக்குகளையும் இன்றே பாருங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயிலை மீட்கக் கொடுத்த எண் அவருடையதாக இருந்தால் உங்கள் எண்ணைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலில் அந்த வீட்டு லேப்டாப் இருந்தால், அதிலிருந்து வெளியேறிவிடுங்கள். வழக்கறிஞரோடு பேசுவதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டிருக்கக் கூடும்.