கருக்குழாயை எடுக்கத்தான் வேண்டுமா? மகப்பேறு மருத்துவரிடம் கேள்வி பதில்

வணக்கம் டாக்டர். எனக்கு 31 வயது. வலது கருக்குழாயில் நீர் கோத்திருப்பதாக ஸ்கேனில் வந்தது. உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப்புக்கு முன் அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஐவிஎஃப்புக்குக் குழாயே தேவையில்லையே, பிறகு எதற்கு இந்த ஆபரேஷன்?

நியாயமான கேள்வி. 1978இல் பிறந்த முதல் ஐவிஎஃப் குழந்தையின் தாய்க்கும் குழாய் அடைப்புதான். வெறும் அடைப்பு என்றால் நானும் அப்படியே விடச் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் குழாயின் வெளிமுனை மூடிக்கொண்டு உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. மறுமுனை கருப்பைக்குள் திறப்பதால் அந்த நீர் அங்கே கசிந்து, வைத்த கரு ஒட்ட விடாமல் செய்கிறது. ஸ்கேனிலேயே தெரியும் அளவு நீரோடு ஐவிஎஃப் செய்தால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் எடுப்பது சரி என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சினைப்பைக்குப் போகும் இரத்தத்தில் ஒரு பங்கு குழாயை ஒட்டித்தான் போகிறது. சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் உங்கள் ஏஎம்எச் அளவு குறைவாக இருந்தால், முதலில் முட்டைகளை எடுத்துக் கருவாக்கி உறைய வைத்துவிட்டு, அப்புறம் ஆபரேஷன் செய்யலாமா என்று கேளுங்கள். முன்பு வயிற்றில் ஆபரேஷன் நடந்து குடல் ஒட்டிக்கொண்டிருந்தால், குழாயை எடுக்காமல் கருப்பைப் பக்கம் கிளிப் போட்டு மூடும் வழியும் இருக்கிறது. இடது குழாய் நன்றாக இருந்தால் வலதை எடுத்தபின் இயல்பாகவே கருத்தரித்தவர்களும் உண்டு. ஐவிஎஃப் தேதியைக் குறிக்கும் முன் இதையும் பேசிவிடுங்கள்.

கருப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் இரண்டு குழாயிலும் அடைப்பு என்று வந்தது. நீர் இல்லை. எடுத்துவிடலாமா மேடம்?

வேண்டாம். சாயத்தைச் செலுத்தும்போது குழாய் இறுகிக்கொண்டால்கூட, கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு போலத் தெரியும். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோபியில் சாயம் விட்டுப் பார்த்தால் பல நேரம் திறந்தே இருக்கும். நிஜமாகவே அடைப்பாக இருந்தாலும், நீரோ சீழோ இல்லாத குழாயை எடுப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

டாக்டர், என் மனைவிக்கு இடது குழாயில் கரு தங்கிவிட்டது. ஊசி போட்டுப் பார்க்கலாமா, குழாயை எடுத்துவிடலாமா என்று நாங்களே முடிவு சொல்ல வேண்டுமாம். ஒன்றும் ஓடவில்லை.

தம்பி, முதலில் ஒன்று. வயிற்று வலி திடீரென்று கூடினாலோ, தோள்பட்டையில் வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ முடிவெடுக்கக் காத்திருக்காதீர்கள். குழாய் வெடித்து உள்ளே இரத்தம் போவதன் அறிகுறிகள் அவை. அப்போது ஆபரேஷன்தான் உயிரைக் காப்பாற்றும்.

அப்படி எதுவும் இல்லை என்றால் இரத்தத்தில் உள்ள கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி அளவைக் கேளுங்கள். 1500க்குக் கீழே, கருவுக்கு இதயத் துடிப்பு இல்லை, கட்டி 3.5 சென்டிமீட்டருக்குக் குறைவு, பெரிய வலியும் இல்லை என்றால் கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி நன்றாகவே கேட்கும். 5000ஐத் தாண்டினால் பலிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். ஊசி போட்ட 4ஆம் நாளும் 7ஆம் நாளும் இரத்தப் பரிசோதனை உண்டு. 4ஆம் நாள் அளவு கொஞ்சம் ஏறியிருந்தால் பதறாதீர்கள். அதிலிருந்து 7ஆம் நாளுக்குள் 15 சதவீதமாவது இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு 3 மாதமாவது பொறுக்க வேண்டும். பரிசோதனைக்குத் தவறாமல் போக முடியாது என்றால் ஊசி உங்களுக்குச் சரிப்படாது.

ஆபரேஷன் என்று ஆகிவிட்டால், குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுத்துக் குழாயைக் காப்பாற்றலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மறு குழாய் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அதனால் பின்னால் கருத்தரிக்கும் வாய்ப்பு பெரிதாகக் கூடவில்லை என்று 2014இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கருவின் மிச்சம் உள்ளேயே தங்கி மறுபடி சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. ஆகவே வலது குழாய் நன்றாக இருந்தால் இடதை எடுக்கத் தயங்க வேண்டாம். இடது சினைப்பையிலிருந்து வரும் முட்டையை வலது குழாய் எட்டிப் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. வலதும் பழுது என்றால் கணக்கு மாறும். இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள்.

மனைவியிடமும் உட்கார்ந்து பேசுங்கள். குழாயைப் பற்றிய கவலையோடு ஒரு குழந்தையையும் இழந்து நிற்கிறார்.

அம்மாவுக்கும் சித்திக்கும் சினைப்பைப் புற்றுநோய். எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். குழாயை மட்டும் எடுத்தால் போதுமா?

ஆபரேஷனுக்கு முன் மரபணுப் பரிசோதனை. அம்மா இருக்கிறார் என்றால் முதலில் அவருக்குச் செய்வது நல்லது, அப்போதுதான் உங்கள் பரிசோதனை முடிவுக்கு அர்த்தம் தெளிவாகும். இந்தப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றங்களில், பிஆர்சிஏ1 மாற்றம் இருந்தால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45க்குள்ளும் குழாய், சினைப்பை இரண்டையும் எடுக்கச் சொல்வதே இப்போதைய நடைமுறை. சினைப்பையை எடுத்தால் மாதவிடாய் உடனே நின்றுவிடும் என்று பயந்து பலர் குழாயோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது போதுமா என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

எனக்கு 46 வயது. ஃபைப்ராய்டு என்னும் கருப்பைக் கட்டிக்காகக் கருப்பையை எடுக்கிறார்கள். கூடவே குழாயையும் எடுப்பார்களாம். அதில் ஒரு கோளாறும் இல்லையே?

கோளாறு இல்லைதான். ஆனால் சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை, பல பெண்களுக்குக் குழாயின் விரல் போன்ற நுனியில்தான் தொடங்குகிறது. அதனால் எப்படியும் வயிற்றைத் திறக்கும்போது குழாயையும் எடுத்துவிடும் பழக்கத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010இல் ஊக்குவிக்கத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். குழாயில் ஹார்மோன் சுரப்பதில்லை, சினைப்பைகள் இருக்கும்வரை அவை தம் வேலையைச் செய்யும். சம்மதிக்கலாம். இதற்காகவே தனியாக ஓர் ஆபரேஷன் என்றால், குடும்பத்தில் புற்றுநோய் இல்லாதவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

லேப்ராஸ்கோபி செய்யும்போது "தேவைப்பட்டால் குழாய் அகற்றப்படும்" என்று போட்டுக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

எந்தக் குழாய், என்ன தெரிந்தால் எடுப்பார்கள் என்று கேட்டு, அதையும் அந்தப் படிவத்திலேயே எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒன்றுதானா, இரண்டும் எடுக்க நேருமா என்பது மயக்க மருந்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் போனால் பிறகு ஐவிஎஃப் மட்டுமே வழி. "உயிருக்கு ஆபத்து என்றால் தவிர இரண்டாவதைத் தொட வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே எடுத்த படங்களையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அவைதான் வேண்டும்.