ஷூவுக்குள் ஓர் ஆரஞ்சு

கேள்வி: நான் மதுரைப் பெண், வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பத்து மாதங்களுக்காக ஜெர்மனி வந்து, பாடர்போர்ன் அருகே ஒரு குடும்பத்துடன் தங்கிப் படிக்கிறேன். நான்கு மாதங்கள் ஆகின்றன. இவர்களுக்கு என்மேல் அக்கறையே இல்லை. இரவில் ரொட்டியும் சீஸும்தான். இன்னும் வேண்டுமா என்று ஒரே ஒரு முறை கேட்பார்கள். நான் மரியாதையாக ‘டாங்கே’ என்பேன். உடனே தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உறையும் குளிரில் என் அறை ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். டிசம்பர் 6 அன்று காலையில் என் ஷூவுக்குள் ஆரஞ்சும் சாக்லேட்டும் போட்டுக் கேலி செய்தார்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மாவிடம் பேசி அழுகிறேன். திரும்பி வந்துவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு மகளே,

முதலில் அந்த ‘டாங்கே’யைப் பார்ப்போம். நன்றி என்பதுதான் பொருள். ஆனால் ஒருவர் எதையாவது நீட்டும்போது வெறும் ‘டாங்கே’ என்றால், ஜெர்மானியர் காதில் அது பெரும்பாலும் ‘போதும், வேண்டாம்’ என்றே விழும். வேண்டுமென்றால் ‘யா, கெர்னே’ என்று சொல்ல வேண்டும். ஆக, நான்கு மாதங்களாக நீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரை வயிற்றோடு படுத்திருக்கிறாய்.

நம் வீடுகளில் விருந்தாளி முதல் தடவை மறுப்பார், பரிமாறுகிறவர் ‘அதெல்லாம் முடியாது’ என்று இன்னொரு கரண்டி போடுவார். அந்த இன்னொரு கரண்டியில்தான் நாம் பிரியத்தை அளக்கிறோம். அங்கே, வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது அவர் சொல்லை மதிக்காத செயல். பல வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மானியத் தோழியின் வீட்டில் நானும் உருளைக்கிழங்கை மறுத்துவிட்டு, அடுத்த உபசரிப்புக்காகக் காத்திருந்தேன். பாத்திரம் சமையலறைக்குப் போய்விட்டது. நடுராத்திரியில் பெட்டியைத் திறந்து, அவளுக்கென்று கொண்டுபோன முறுக்கை நானே தின்றேன். மறுநாள் பாதி டப்பாவைத்தான் பரிசளிக்க முடிந்தது.

ரொட்டியும் சீஸும் உனக்கு மட்டும் வைத்த குறை அல்ல. அந்த வேளைக்கே ‘ஆபென்ட்ப்ரோட்’, அதாவது மாலை ரொட்டி என்றுதான் பெயர். வழக்கப்படி, சமைத்த சூடான சாப்பாடு மதியத்துக்கு. வாரம் ஒரு மாலை நான் சமைக்கட்டுமா என்று கேள். சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடு, ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். ஜன்னல் விஷயமும் இப்படித்தான்: குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டியே வைத்தால் உள்ளே ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். சில நிமிடங்கள் அகலத் திறந்துவிட்டு மூடுவார்கள். அந்த நேரத்துக்கு ஸ்வெட்டரோடு கூடத்துக்கு வந்துவிடு.

உன் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. முழுக்க ‘இவர்கள்’தான். அந்த வீட்டு அம்மாவை நீ என்னவென்று கூப்பிடுகிறாய்? அநேகமாகக் கூப்பிடுவதே இல்லை. பெயர் சொல்லி, ‘டூ’ என்று ஒருமையில் பேசச் சொல்லியிருப்பார். வயதில் மூத்தவரை அப்படி அழைக்க நாக்குக் கூசியிருக்கும். பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுகிறாயா? நம்மூர் ‘நீங்கள்’ போல ‘ஸீ’ என்ற சொல் அங்கும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் அதைச் சொன்னால் எட்டி நிறுத்துவதுபோல் இருக்கும். பெயரைச் சொல்லிவிடு. உணவு மேஜையில் என்னிடம் ஜெர்மனிலேயே பேசுங்கள் என்றும் கேள். முதலில் பாதி புரியாது, பரவாயில்லை.

பள்ளியிலும் வாயைத் திற. அங்கே வகுப்பில் கையுயர்த்திப் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. (அங்கே 1தான் உச்சம், 6 தான் பாதாளம் என்று ஊரில் அப்பாவிடம் சொல்லி வை.)

அம்மாவுடனான பேச்சைக் குறை. நீ எட்டு மணிக்குப் பேசத் தொடங்கும்போது மதுரையில் நள்ளிரவு பன்னிரண்டரை. உன் அழுகையைக் கேட்ட பிறகு அவர் எங்கே தூங்குவார்? ஞாயிறு மதியம் ஆற அமரப் பேசு. தமிழ் கேட்க ஏங்கினால், ரயிலில் எட்டும் தூரத்தில் ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கட்டி, 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். ஆனால் வாராவாரம் அங்கே ஓடிவிடாதே. ஒரு முறை அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

திரும்பி வரலாமா? நீ எழுதியதை வைத்துச் சொன்னால், வேண்டாம். பேசிப் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால் திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் வேறு குடும்பம் கேட்கலாம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் யாராவது தகாத முறையில் தொட்டாலோ, மிரட்டினாலோ, போனையோ பாஸ்போர்ட்டையோ பிடுங்கி வைத்தாலோ, ஒரு நாள்கூடப் பொறுக்காதே. பொறுப்பாளரிடமும் எங்கள் காதிலும் அன்றே போட்டுவிடு. ஆபத்து என்றால் 110, போலீஸ்.

இனி அந்த ஷூ. டிசம்பர் 6 புனித நிக்கோலஸ் நாள். முந்தைய இரவு பிள்ளைகளின் ஷூக்களைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். விடிந்தால் அதற்குள் ஆரஞ்சு, கொட்டைகள், சாக்லேட் இருக்கும். விருந்தாளிகளின் ஷூவில் அல்ல, அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஷூவில். உன் ஷூவை யார் துடைத்து வைத்தார்கள் என்று விசாரி. இன்னும் நன்றி சொல்லவில்லையென்றால் இன்றே சொல். ‘டாங்கே’ பொருந்துகிற இடம் இதுதான்.