மூன்று முறை ஸ்டீமை அழித்தவருக்கு

கே: கம்ப்யூட்டரில் புது 4 டிபி எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) மாட்டினேன். கேம் வாங்கி நிறுவும் ஸ்டீம் செயலியில் காட்டவே இல்லை. ஸ்டீமை மூன்று முறை அழித்து மறுபடி நிறுவிவிட்டேன்.

ப: மூன்று முறையா! ஃபைல் எக்ஸ்புளோரரில் டிரைவ் தெரிகிறதா என்று ஒரு முறையாவது பார்த்தீர்களா? கடிதத்தில் அந்த விவரமே இல்லை. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸுக்கே தெரியாத டிரைவை ஸ்டீம் எங்கிருந்து கொண்டுவரும்?

உள்ளே மாட்டும் புது எஸ்எஸ்டி பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். பார்ட்டிஷனும் (பிரித்து வைத்த பகுதியும்) இருக்காது, டி, இ போன்ற டிரைவ் எழுத்தும் இருக்காது. ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். இனிஷியலைஸ் செய்யவா (முதன்முறை தயார்செய்யவா) என்று கேட்டால் ஜிபிடி-யைத் தேர்ந்தெடுங்கள். ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிரைவின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறைகள். எம்பிஆர் போட்டால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் வீண். அப்புறம் அன்அலோகேட்டட் (இன்னும் ஒதுக்காத) பகுதியில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறை), ஓர் எழுத்து. அவ்வளவுதான். கடைசியாக ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் டிரைவை நீங்களே சேர்க்க வேண்டும்.

ஃபார்மேட் செய்யும் முன் டிஸ்க் எண்ணையும் அளவையும் இரண்டு தடவை பாருங்கள். ஏதோ வீடியோவைப் பார்த்து டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில், டிரைவை அழிக்கும் 'கிளீன்' அடித்து, பழைய டிரைவைக் காலி செய்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

கே: விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே எம்.2 டிரைவ் (மதர்போர்டில் நேராகச் சொருகும் பட்டை வடிவ எஸ்எஸ்டி) இல்லை.

ப: கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மதர்போர்டு கையேட்டைத் திறங்கள். எம்.2 டிரைவில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை எம்.2 போட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. உருவம் ஒன்றுதான், பேசும் மொழி வேறு. டிரைவ் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை.

கே: 1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

கே: வெளி டிரைவில் ஸ்டீம் கேம்கள் ஓடுகின்றன. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஆப் மட்டும் அதில் கேம் நிறுவ மறுக்கிறது.

ப: டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் (வேறொரு கோப்பு முறையில்) இருக்கும், பாருங்கள். அந்த ஆப்புக்கு என்டிஎஃப்எஸ் வேண்டும். அழிக்காமல் மாற்ற விண்டோஸில் வழியில்லை. உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள். எண், அளவு, இரண்டு தடவை!

கே: ஸ்டீம் போன்ற இன்னொரு கேம் செயலியான எபிக் லாஞ்சரில் டிரைவ் சேர்ப்பது எங்கே?

ப: தனியாகச் சேர்க்க வேண்டாம். இன்ஸ்டால் அழுத்தும்போது ஃபோல்டர் கேட்கும், அங்கே மாற்றுங்கள்.

கே: யுஎஸ்பி டிரைவைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். அதிலிருந்த கேம்கள் எல்லாம் 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்கின்றன.

ப: இ என்று இருந்த டிரைவ் எழுத்து எஃப் ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே கொடுத்துவிட்டு ஸ்டீமை மூடித் திறங்கள். மறுபடி டவுன்லோடு ஆரம்பித்திருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.