நியூட்ரானும் நீர் மூலக்கூறும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூட்ரானுக்கு மின் இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பதன் அளவு) இருந்தால் காலத் திருப்பச் சமச்சீர்மை (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் இயற்பியல் விதிகள் மாறாமை) உடைந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நீர் மூலக்கூறுக்கு அது தாராளமாகவே இருக்கிறது, அங்கே எதுவும் உடையவில்லையே? மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்குக் காந்தத் திருப்புத்திறன் மட்டும் எப்படி வந்தது?

ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வி எளிது. நியூட்ரானின் மொத்த மின்னூட்டம்தான் சுழியம். உள்ளே மின்னூட்டமுள்ள குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றால் வருவதுதான் −1.913 அணுக்கரு மேக்னட்டான் (அணுக்கருத் துகள்களின் காந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகு). காலத்தைத் திருப்பினால் நியூட்ரானின் தற்சுழற்சியும் (ஸ்பின்) திரும்பும், காந்தத் திசையும் கூடவே திரும்பும். மின் இருமுனை அப்படியல்ல. நேர், எதிர் மின்னூட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. காலம் திரும்பினாலும் அசையாது. தற்சுழற்சி மட்டும் திரும்புவதால் இரண்டுக்கும் இடையிலான உறவு தலைகீழாகிவிடும். சமச்சீர்மை உடைவது என்பது அதுதான்.

நீரைப் பற்றிய உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. பாடநூல்கள் இதைத் தொடாமலே போய்விடுகின்றன. மூலக்கூறின் அச்சு வெளியில் ஒரே திசையில் நிற்பதில்லை. மின்புலம் இல்லாதபோது, ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலையில் அதன் சராசரித் திருப்புத்திறன் சுழியமே. புலம் வைத்ததும் பக்கத்திலுள்ள, எதிர் பேரிட்டி (இட-வல, மேல்-கீழ், முன்-பின் எல்லாவற்றையும் திருப்பும்போது குறி மாறுமா என்ற பண்பு) கொண்ட சுழற்சி நிலைகள் கலக்கின்றன. அதனால் மெலிந்த புலத்தில் ஆற்றல் மாற்றம் புலத்தின் இருமடிக்கு ஏற்பவே வரும். புலத்தைத் திருப்பினாலும் மாற்றம் அதேதான். அதனால் அங்கே எதுவும் உடைவதில்லை. நியூட்ரானுக்கு அப்படிக் கலக்க அருகில் எந்த நிலையும் இல்லை, 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலே போக வேண்டும். நியூட்ரானில் தேடுவது புலத்துக்கு நேர்விகிதத்தில் வரும், புலத்தைத் திருப்பினால் குறி மாறும் மாற்றத்தை.

அதை அளப்பதுதான் பெரும்பாடு. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனச் சோதனையில் மிகக் குளிர்ந்த நியூட்ரான்களைச் சுமார் 3 நிமிடம் கலத்தில் அடைத்துவைத்தார்கள். காந்தப்புலம் சுமார் 1 மைக்ரோடெஸ்லா. அதில் நியூட்ரானின் தற்சுழற்சி அச்சு வினாடிக்குச் சுமார் 30 முறை சுற்றிவரும். மின்புலம் செ.மீ.க்கு 11 கிலோவோல்ட். திருப்புத்திறன் 1.8 × 10⁻²⁶ எலக்ட்ரான் மின்னூட்டம்-செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மின்புலத்தைத் திருப்பும்போது அதிர்வெண் மாறுவது வெறும் 0.2 மைக்ரோஹெர்ட்ஸ். காந்தப்புலம் 7 ஃபெம்டோடெஸ்லா நகர்ந்தாலே இதே விளைவு வந்துவிடும்! மின்னழுத்தம் ஏற்றும்போது கசியும் சிறு மின்னோட்டம் போதும், பொய்யான சமிக்ஞை உண்டாகிவிடும்.

ஆகவே அதே கலத்தில் பாதரசம்-199 ஆவியை விட்டு, காந்தப்புலத்தைக் கூடவே கண்காணித்தார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மெதுவாக நகரும் நியூட்ரான்கள் புவியீர்ப்பால் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். அறை வெப்பநிலையில் உள்ள பாதரசம் கலம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கும். காந்தப்புலம் உயரத்தோடு மாறினால் இரண்டும் வெவ்வேறு புலத்தை உணரும். அதைவிட மோசம், உயரத்தோடு மாறும் அந்தச் சரிவும் மின்புலத்தில் நகரும் பாதரச அணுக்கள் உணரும் கூடுதல் காந்தப்புலமும் சேர்ந்து, மின்புலத்தோடு குறி மாறும் போலி விளைவையே உண்டாக்கும். அதனால் காந்தப்புலத்தை மேல்நோக்கி வைத்தும் கீழ்நோக்கி வைத்தும், சரிவை மாற்றி மாற்றி அளந்து, கிடைத்த இரு கோடுகள் வெட்டும் இடத்தில் மதிப்பை எடுத்தார்கள். 2020இல் அங்கே கிடைத்தது 0.0 × 10⁻²⁶ எலக்ட்ரான் மின்னூட்டம்-செ.மீ. புள்ளியியல் பிழை 1.1 × 10⁻²⁶, முறைசார் பிழை 0.2 × 10⁻²⁶, அதே அலகில்.