மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ்னா என்ன, வெள்ளைக்காரன் காலத்துல அது எதுக்கு?

சிம்பிளா சொன்னா, 1836ல மெட்ராஸ்ல இருந்த பிரிட்டிஷ் வியாபாரிங்க ஒண்ணா சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம். காரணம் என்னன்னா, 1833 சட்டத்தால கிழக்கிந்திய கம்பெனி வியாபாரத்தையே விட வேண்டியதாச்சு, ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் பின்னி, பாரி, அர்பத்நாட் மாதிரி தனியார் கம்பெனிங்க கைக்கு போச்சு, வரி, துறைமுகம்னு சர்க்கார்கிட்ட பேச அவங்களுக்கு ஒரே குரல் வேணும்ல. கோயம்பேட்டுல ஒரு கடைக்காரர் தனியா போய் கேட்டா யாரும் காதுல வாங்க மாட்டாங்க, சங்கமா போனா உக்கார வெச்சு பேசுவாங்க, அதே கதைதான்.

முக்கியமா அவங்க கேட்டது துறைமுகம். அப்போ கப்பல் கரைக்கே வராது, கடல்ல தள்ளி நிக்கும், பலகையை கயித்தால தைச்ச மசூலா படகுலதான் பருத்தி மூட்டையை அலை தாண்டி கொண்டு போகணும், நனைஞ்சா சரக்கு போச்சு. கடலுக்குள்ள நீட்டி கட்டுன இரும்பு பாலம் 1861லதான் வந்துச்சு.

சங்கத்துல வெள்ளைக்கார கம்பெனிங்க கைதான் ஓங்கி இருந்துச்சு, இது எனக்கு உறுத்துற விஷயம், இந்திய வியாபாரிங்க 1909ல தென்னிந்திய வர்த்தக சபைன்னு தனியா ஆரம்பிச்சாங்க.

நிறைய பேர் இது கிழக்கிந்திய கம்பெனியோட கிளைன்னு நினைக்கிறாங்க, இல்லவே இல்ல, கம்பெனி வியாபாரத்தை விட்டதுக்கு அப்புறம் வந்த தனியார் வியாபாரிங்க சங்கம் இது.